சித்ரா அக்கா தைத்த தலையணை உறை

எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன்... எனக்கு அவமானமான பகுதியையும்.

சித்ரா அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை, மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு பிரிண்டிங் மேஜை. யார் பழைய துணி கொடுத்தாலும், கறை இருக்கும் இடமாகப் பார்த்து ஸ்கிரீன் வைத்து, அதன் மேலேயே ஒரு படம் அச்சடித்துவிடுவார். பிறகு பையாகவோ உறையாகவோ தைத்துத் தருவார்.

"என்ன கறைக்கா இது, மீன் கொழம்பா? அப்ப மீனையே போட்டுருவோம்!" என்பார், துணி கொண்டுவந்தவரிடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். அச்சடித்த துணிகளைக் கொடியில் காயப்போடுவேன், மீதி நேரம் படிப்பேன். "ஏ படிப்பாளி, பெயிண்ட் கையோட பக்கத்தத் திருப்பாத" என்று கத்துவார்.

போன வருஷம் என் மாமா, அம்மாவின் தம்பி, இறந்துபோனார். அவருடைய வெள்ளைச் சட்டையைத் தலையணை உறையாகத் தைக்க அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். பாக்கெட்டில் பேனா கசிந்த கறை இருக்கிறது, அதை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

சட்டையைக் கொடுத்தேன். சொல்ல மறந்துவிட்டேன்.

அக்கா எப்போதும் செய்வதைத்தான் செய்தார். கறையின் மேல் ஒரு நீலக் குருவி... அழகாகத்தான் இருந்தது.

வாங்க வந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தம்பி பேனாக்கறை சித்ரா... எனக்கு அம்புட்டுத்தான் மிச்சம். தொடாதன்னு இவகிட்டச் சொல்லிவிட்டேனே!"

அக்கா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"இவ சொன்னா, அக்கா. நாந்தான் மறந்துட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

அதோடு அம்மா அவருடன் பேசுவதை நிறுத்தினார். நானும் அங்கே போகக்கூடாது என்றார். தெருவில் பார்த்தால் அக்கா, "நல்லா இருக்கீகளாக்கா?" என்பார். அம்மா நிற்காமல் நடப்பார். நானும் கூடவே நடப்பேன்.

இன்று சாயங்காலம் அம்மா, "நான் வரல, நீ மட்டும் போயிட்டு வா" என்றார்.

அப்போதுதான் சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை. "இத இன்னைக்கா சொல்லுவ?" என்றார். செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

நாங்கள் போவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அம்மா பிரிண்டிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சித்ரா..." என்றார்.

மன்னிச்சிருங்கக்கா. போயிட்டு வாங்க என்று நான் மனசுக்குள் சொன்னேன்.

அவருடைய அண்ணன் வந்து, "வீட்டக் கழுவணும்மா, செத்த நேரம் வெளிய வாங்க" என்றார். வந்தோம். லைட்டை அணைத்துவிட்டார்கள்.