மார்த்தாவின் மரப்பெட்டி

பர் துபாயில் எங்கள் கார்கோ கடையில் சோலைமுத்து அண்ணன்தான் பெட்டி கட்டுவார். லீவில் போகிறவர்களின் அட்டைப்பெட்டிகளில் நாலு பக்கமும் பெயர், விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுவார். எழுதாத பெட்டி ஊர் சேராது என்று அடித்துப் பேசுவார்.

1994இல் கனடாக்கார நர்ஸ் மார்த்தா துபாய்க்குத் தன்னோடு எடுத்து வந்திருந்த ஒரு பழைய மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். மென்னோனைட் கிறிஸ்தவர்களான அவருடைய முன்னோர், ரஷ்யாவைவிட்டுக் கனடாவுக்கு அகதிகளாகப் போனபோது தூக்கிப் போனது. அவர்கள் சமூகம் ஊரில் நடத்தும் மியூசியத்துக்கு அனுப்ப வேண்டும்.

அண்ணன் வழக்கம்போல் கறுப்பு மார்க்கரால் அந்த மரத்தின் மீதே எழுதிவிட்டார்.

மார்த்தாவின் கண் கலங்கியதும்தான் அவருக்கு உறைத்தது. தின்னரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அழிக்காதீங்க. இதுவும் இந்தப் பெட்டியோட கதைதான். உங்க பேரையும் எழுதுங்க," என்றார் மார்த்தா, ஆஸ்பத்திரியில் பழகிய ஹிந்தியில்.

திட்டித் தொலைத்திருந்தாலாவது தேவலை. அண்ணன் பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பலகையின் மூலையில், கடுகளவு எழுத்தில் தன் பெயரை எழுதினார்.