தானே பூட்டிக்கொள்ளும் கார்

என் வீட்டுக்காரர் வாங்கிய காருக்குச் சாவி கிடையாது. இந்தச் செய்தியை அவர் வாயாலேயே கேட்காத ஆள் அந்த வருஷம் சிவகாசியில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். கார் என்னவோ பழையதுதான், யாரோ ஓட்டி அலுத்து விற்றது. அதை மதுரைக்குக் கொண்டுபோய், ஒரு கடையில் இரண்டு நாள் விட்டு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு ரிமோட்டும் அதற்கான சாமான்களும் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரிமோட் சட்டைப்பையில் இருந்தால் போதும், கிட்டே போனால் கதவு திறந்துகொள்ளும். பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பும். கதவைச் சாத்திவிட்டு அரை நிமிஷம் சும்மா இருந்தால் தானே பூட்டிக்கொண்டு 'கீக்கீக்' என்று சொல்லும். "நாம மறந்தாலும் அது மறக்காது" என்பார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் காபி கொடுப்பதற்குள் அவர்களைத் தெருவில் நிறுத்தி, கார் கத்துவதைக் கேட்க வைத்துவிடுவார்.

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிளும் கடைகளுக்குக் காலண்டரும் அடித்துக் கொடுக்கிற சின்ன பிரெஸ் அவருடையது. தொழிலில் கெட்டிக்காரர், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சொன்னவர், ரிமோட் வந்த வாரத்தில் எங்கள் தெருவில்தான் குடியிருந்திருக்க வேண்டும். கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டபோது ஐயர் சாவியைத் தட்டில் வைக்கச் சொன்னார். இவர் ரிமோட்டை வைத்தார். சாவியை வையுங்கள் என்று ஐயர் மறுபடியும் கேட்டார். அவருக்கும் ஒரு விளக்கவுரை நடந்தது. பின்னால் நின்ற டிராக்டர்காரர் ஆரத்திக்குக் காத்துக் காத்துக் கடைசியில் தானே எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்தடியில் வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு கஷ்டம் இருந்தது. வெறும் ரிமோட்டை மேசைமேல் வைத்தால் யாரும் அதைக் கார் சாவி என்று நம்பவில்லை. பல்பொடி டப்பாவா என்று ஒரு கிழவர் கேட்டே விட்டார். அன்றைக்கே ஒரு வளையம் வாங்கி, ரிமோட்டோடு வீட்டுச் சாவி, பிரெஸ் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் கோத்துவிட்டார். ஊரிலேயே பெரிய சாவிக்கொத்து, சாவி இல்லாத காருக்குத்தான் இருந்தது. காரோடு வந்த அசல் இரும்புச் சாவி ஆபத்துக்கு உதவும் என்று பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. பீரோவின் சாவி எங்கே இருந்தது என்பதை இப்போதுதான் சொன்னேன்.

என் கதைக்கு வருகிறேன். நான் பி.எட். முடித்து, வேலைக்குப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தவள். பதிவு மூப்பு என்பது ரேஷன் கடை வரிசை மாதிரி, நமக்கு முன்னால் நிற்கிறவர்கள் நகர்ந்தால்தான் நாம் நகரலாம். நகர்ந்து நகர்ந்து கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, சான்றிதழ் சரிபார்க்க விருதுநகருக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்தது. பத்தரை மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும், வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி என்னைப் படிக்க வைத்தவள். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான், பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ்தான். "நீ நாற்காலி போட்ட ஆபீஸுக்குப் போகணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த நாற்காலிமேல் எனக்கு இருந்த ஆசையை வாய்விட்டுச் சொன்னால் வெட்கமாக இருக்கும், அவ்வளவு ஆசை.

வீட்டுக்காரர் காரிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். சான்றிதழ் பையைப் பின் சீட்டில் வைத்தேன். ஆனைக்குட்டம் பக்கம் போனதும் வண்டி மெயின் ரோட்டை விட்டுக் கருவேலங்காட்டுக்குள் திரும்பியது. ஏன் என்று கேட்டேன். ஒரு ஆர்டர் விஷயம், அஞ்சே நிமிஷம் என்றார். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் பட்டாசு ஆபீஸ் வைத்திருந்தார். அவர் இன்னும் காரைப் பார்க்கவில்லை. அதுதான் ஆர்டர் விஷயம்.

சிநேகிதர் கேட்டுக்கு வெளியிலேயே வந்து நின்று வாயைப் பிளந்து பார்த்தார். கதவு இரண்டு தரம் திறந்து இரண்டு தரம் மூடியது. ரிமோட்டின் பேட்டரியைப் பற்றியும், அதிலிருந்து கிளம்பும் அலை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பற்றியும் என் வீட்டுக்காரர் விரிவாகப் பேசினார். கேட்டில் நின்ற வாட்ச்மேன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பேச்சு முடிந்து இருவரும் உள்ளே போகத் திரும்பியதும் வாட்ச்மேன் கையை நீட்டினார். பட்டாசு ஆபீஸ் கேட்டில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கலாம். வீட்டுக்காரர் போனைக் கொடுத்தார். வாட்ச்மேன் சாவிக்கொத்தையும் கேட்டார். அது சாவிதானே என்றார் இவர்.

"சாவின்னா கொண்டு போங்க மொதலாளி. இதுல பேட்டரி இருக்கு, அலை கெளம்புதுன்னு நீங்கதான சொன்னீக. உள்ள விட்டா என் வேலை போயிரும்."

வாட்ச்மேனின் மரப்பெட்டிக்குள் பீடிக்கட்டும் பொடிமட்டையும் கிடந்தன. அவற்றோடு ரிமோட்டைப் போட இவருக்கு மனசு வரவில்லை. திரும்பிப் போய்க் கார்க் கதவைத் திறந்து, முன் சீட்டில் கொத்தை வைத்துவிட்டுச் சாத்தினார். நானும் அதற்குள் வெக்கை தாங்காமல் இறங்கி, சிநேகிதர் கொடுத்தனுப்பிய கலர் பாட்டிலோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவர்கள் இருவரும் கேட்டைத் தாண்டக்கூட இல்லை. கார் 'கீக்கீக்' என்றது. அது மறக்காது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

முதலில் அவர் சிரித்தார். பிறகு கதவை இழுத்துப் பார்த்தார், மற்ற மூன்று கதவுகளையும் இழுத்துப் பார்த்தார், காரிடம் மெதுவாகப் பேசியும் பார்த்தார். கண்ணாடி வழியாக என் பை தெரிந்தது. என் பெயர் எழுதிய ஓரம்கூடத் தெரிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எனக்குக் கைக்கும் எட்டவில்லை, கண்ணுக்கு மட்டும்தான் எட்டியது. இன்னொரு சாவி பீரோவில் இருக்கிறது என்று அவர் நினைவுபடுத்தினார். பீரோ சாவி எங்கே என்று நான் கேட்டேன். அவர் முன் சீட்டைப் பார்த்தார். வாட்ச்மேனிடம் கொடுத்த போனைத் திரும்ப வாங்கி மதுரைக் கடைக்குப் போட்டுக் கேட்டதில், வண்டியைக் கொண்டு வாருங்கள், திறந்து தருகிறோம் என்றார்களாம்.

கதவிடுக்கில் கம்பி விட்டு நெம்பலாம் என்று சிநேகிதர் சொன்னார். போர்மேனைக் கூப்பிட்டு ஒரு இரும்புக் கம்பி கொண்டுவரச் சொன்னார். போர்மேன் பேய் அறைந்தவர் மாதிரி அவரைப் பார்த்தார். இரும்பு கல்லில் உரசினால் பொறி பறக்கும் என்று அந்த ஆபீஸுக்குள் ஓர் இரும்பு ஆணியைக்கூட விடுவதில்லை. உத்தரவு போட்டவரே இந்த முதலாளிதான். வெடிமருந்து இடிக்க, கிளற, தள்ள எல்லாமே அங்கே மரமும் பித்தளையும்தான். ஆகவே பித்தளைக் கம்பி வந்தது, கதவிடுக்கில் விட்டதும் வளைந்து கொண்டை ஊசியாகி வெளியே வந்தது. மரச்சட்டம் வந்தது, முறிந்தது. அலுமினியத் தகடு வந்தபோது பெயின்ட்டில் கோடு விழுந்து, என் வீட்டுக்காரர் தன் முதுகில் கோடு விழுந்தது போலத் துடித்தார். ஊருக்கெல்லாம் வெடி சப்ளை பண்ணுகிற இடத்தில் ஒரு கார்க் கதவைத் திறக்க வழியில்லை. இதற்கிடையில் வெயிலில் பூட்டிய கார் சூடேறும் என்று போர்மேனுக்குத் தொழில் பயம் வந்து, நனைத்த சாக்கை எடுத்துவரச் சொல்லிக் கார்மேல் போர்த்தச் செய்தார். கார் காய்ச்சல்காரன் மாதிரி சாக்குக்குள் நின்றது.

கண்ணாடியை உடையுங்கள் என்று நான் சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். வாட்ச்மேன், போர்மேன், முதலாளி மூவரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பெற்ற பிள்ளையின் கண்ணை நோண்டச் சொன்னவள் நான் என்பது தெரிந்தது. சிநேகிதர் சமாதானத்துக்கு வந்தார். "மதினி, செத்த பொறுங்க, சிவகாசியில மெக்கானிக் ஒருத்தன் இருக்கான், ஆள் அனுப்புவோம்" என்றார். ஆள் சைக்கிளில் போய் வருவதற்குள் என் இடம் அடுத்தவருக்குப் போய், அவர் ரிட்டயரே ஆகிவிடுவார். நான் வீட்டுக்காரரிடம் மணியைக் காட்டினேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"எதுக்கு இம்புட்டு பதட்டப்படுத? சர்ட்டிபிகேட் எங்க போயிரப் போவுது, உள்ளதான பத்திரமா இருக்கு."

எனக்கு வந்தது கோபம் என்று எழுதினால் அது மரியாதையான சொல். கேட்டுக்குப் பக்கத்தில் பாதை ஓரமாகச் சுண்ணாம்பு அடித்துக் கல் நட்டிருந்தார்கள். ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினேன். ஈரச்சாக்கை ஒரு பக்கம் விலக்கி, பின் கதவுக் கண்ணாடியில் போட்டேன். முதல் அடிக்கு அது அசையவில்லை. இரண்டாவது அடிக்குப் பொரி மாதிரி கொட்டியது.

கார் கத்தத் தொடங்கியது. அது கீக்கீக் இல்லை. மதுரைக் கடைக்காரன் திருடனுக்காக வைத்துக் கொடுத்திருந்த சங்கு அது, ஊரையே கூட்டுகிற சத்தம். ஆனால் பட்டாசு ஆபீஸில் சங்கு ஊதினால் திருடன் என்று யாரும் நினைப்பதில்லை.

அறைகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தியும் கூச்சல் போடவில்லை, ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. கை நிறைய அலுமினியப் பொடி வெள்ளியாக மின்ன, செருப்பில்லாத காலோடு, முள்ளையும் பார்க்காமல் பொட்டலுக்கு ஓடினார்கள். அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். அம்மா வேலை பார்த்த இடத்தில் ஒரு தடவை சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கல் என் கையிலேயே இருந்தது. காரை நோக்கி ஓடியவர் ஒரே ஒருவர்தான், அவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

பொட்டலில் நின்ற ஒரு பெண், தன் பக்கத்தில் நிற்பவர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டுக் கேட்டாள், "எந்த ரூம்?"

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதல் கேள்வி அதுதான். ஒவ்வொரு அறைக்கும் நம்பர் உண்டு, நம்பர் தெரிந்தால் யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிடும். போர்மேன் கையை ஆட்டி, "ரூம் இல்லம்மா, காரு, காருதான்" என்று கத்தினார். கேட்டவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குள் நான் உள்ளே கைவிட்டுப் பையை எடுத்து, எட்டி முன் சீட்டிலிருந்த கொத்தையும் எடுத்திருந்தேன். எந்தப் பொத்தான் சத்தத்தை நிறுத்தும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அமுக்கியதில் கார் இன்னொரு தரம் பூட்டிக்கொண்டது. இன்னும் எதையோ அமுக்கியபோது ஒருவழியாக வாயை மூடியது.

மண்ணில் உட்கார்ந்தவள் எழுந்து வந்தாள். என்னைவிட இளையவள். "எங்களுக்கு உசிரு இங்கன வந்து நின்னுபோச்சு. எதுக்குக்கா ஒடைச்சீக?" என்று சண்டைக்குத்தான் கேட்டாள். டீச்சர் வேலை, சான்றிதழ் உள்ளே மாட்டிக்கொண்டது, நேரமாகிறது என்று சொன்னேன். அவள் காரைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தாள். "அதுக்கு இம்புட்டு நேரமா?" என்றாள். என் தோளில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு, பஸ் வருகிற நேரம்தான், ஓடுங்க என்றாள். ஓடினேன். வீட்டுக்காரரால் கூட வர முடியவில்லை. கண்ணாடியில்லாத காரை அநாதையாக விட்டுவிட்டு எப்படி வருவார்?

விருதுநகரில் நான் நுழைந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். இருக்கேன் சார் என்று வாசலிலிருந்தே சொன்னேன். அதிகாரி பையை வாங்கி உதறினார், மேசையில் கண்ணாடித் துண்டுகள் கொட்டின. என் முகத்தையும் தோளில் இருந்த வெள்ளிக் கைத்தடத்தையும் பார்த்தார். பிறகு தன் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான்.

வீட்டுக்காரர் கண்ணாடிக்குப் பதில் காலண்டர் அட்டை ஒட்டிக்கொண்டு ஓட்டினார். கேட்டவர்களிடம், திருடன் கல்லெறிந்தான், அலாரம் அடித்ததும் ஓடிவிட்டான் என்று ரிமோட்டின் பெருமையைச் சொன்னார். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று காபி கொடுத்த திருடி நான்.

மழை தொடங்கிய பிறகு வேலைக்கான ஆர்டர் தபாலில் வந்தது. வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அதை அவர் இரண்டு தரம் படித்தார், முகமெல்லாம் மலர்ந்தது. தூரமாச்சே என்று யோசித்துவிட்டு, "கவலைப்படாத, டெய்லி நான் கார்ல கொண்டு போய் விடுதேன்" என்றார்.

"வேண்டாங்க, டவுன் பஸ்ல போய்க்கிடுதேன். அதுக்குக் கதவே கிடையாது."