முதுகு காட்டிய நிலா

பாடத்தை ஓட்டமாக ஓட்டுவதால் ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கிடுகிடு’. அறிவியலிலும் கோடிங் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்ததில் அவருக்கு ஒரே எரிச்சல்.

“நிலா நமக்கு ஒரே முகத்தத்தான் காட்டும். அத கம்ப்யூட்டர்ல சுத்த விடுங்க, சீக்கிரம்!”

பிள்ளைகள் கண், மூக்கு வரைந்த நிலாவைப் பூமியைச் சுற்றி நகர்த்தினார்கள். பாதிச் சுற்றில் அது பூமிக்கு முதுகைக் காட்டியது.

கடைசி பெஞ்ச் வாயாடி ஒரு கட்டளையைச் சேர்த்தாள். முகம் பூமியை விட்டு விலகவே இல்லை.

“நம்மளையே பாக்கணும்னா, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிட்டே இருக்கணும் டீச்சர்!”

டீச்சர் ஜன்னலுக்குப் போனார். வெளியே வெளுத்த பகல் நிலா. மணி அடித்தது.

“டீச்சர், அடுத்த பாடம்?”

“இருங்கடா,” என்றார் கிடுகிடு. “அது திரும்புறதப் பாத்துட்டு வரேன்.”