ஒரு தரம் கேட்டார்கள்

லண்டன் பக்கம் சட்டனில் ஒரு பப் மாடியில் ஞாயிறு மதியம் கூடும் பழம்பாட்டுச் சங்கத்துக்கு இளங்கோவன் பத்தொன்பது வருஷமாகப் போகிறார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, இப்போது ஓய்வு. இங்கிலீஷ்காரர்களின் பேய்ப்பாட்டு என்றால் உயிரை விடுவார். பச்சை உடுத்தி வருகிறவள் மனுஷியே இல்லை, சேவல் கூவினால் ஆவி கிளம்பியாக வேண்டும், அந்த நம்பிக்கை பாட்டையும்விடப் பழையது என்று மனைவி மனோரமாவிடம் சோறு ஆறும்வரை விளக்குவார்.

"உயிரோட இருக்கிறவங்களையும் கொஞ்சம் பாருங்க," என்பாள் அவள்.

சங்கத்தில் ஒரு வழக்கம். ஒருவருடைய பாட்டை அவர் இருக்கும்வரை இன்னொருவர் பாடக் கூடாது. கடலில் செத்த கணவன் வந்து கதவைத் தட்டும் இருபத்திரண்டு சரணப் பாட்டு இசபெல் கிழவியுடையது. இளங்கோவன் அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து, குளியலறையில் மட்டும் பாடி வந்தார். அந்தக் கதவுக்கு இசபெல் சொல்லும் அர்த்தமும் அவருக்கு அத்துப்படி. செத்தவனுக்கு அது இனித் தன் வீடு இல்லை. உள்ளே இருப்பவள் வா என்றால்தான் படி தாண்ட முடியும்.

போன மாதம் இசபெல் இறந்தாள். நினைவுக் கூட்டத்தில் செயலாளர் கிளைவ் பேப்பரும் பேனாவுமாக இவரிடம்தான் முதலில் வந்தார்.

"அவங்க பாட்டை நீங்க பாடுறீங்களா?"

பத்தொன்பது வருஷ ஆசை. ஆனால் பாழாய்ப்போன வாய், "ஐயோ, நான் எங்க... நல்லாப் பாடுறவங்க யாராவது பாடட்டுமே," என்றது. நம்மவர் வீட்டு விசேஷத்தில் யார்தான் முதல் தரமே எழுந்து பாடுகிறார்கள்? இரண்டாம் தரம் கெஞ்சுவார்கள், மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுப்பார்கள். அதற்காகத் தொண்டையைக்கூடச் செருமி வைத்துக்கொண்டார்.

"சரி, உங்க இஷ்டம்," என்று கிளைவ் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஒரு தாடிக்காரன் போனைப் பார்த்துப் பார்த்துப் பாடினான். சேவல் கூவும் சரணத்தையே விழுங்கிவிட்டான். சேவல் கூவாமல் ஆவி ஏன் திரும்பிப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். பாட்டு இனி அவனுடையது. அவனுக்கு முப்பது வயதிருக்கும். இளங்கோவனுக்கு அறுபத்தெட்டு.

வீட்டில் நடந்ததைச் சொன்னார். மனோரமா குழம்பை ஊற்றியபடி கேட்டாள்.

"உங்க பாட்டுல அந்தப் பேயை அவ எத்தனை தரம் உள்ள கூப்பிட்டா?"

"ஒரு தரம்."

"அது உடனே உள்ள போயிடுச்சு இல்ல?"