டீ இல்லாத நாள்

கீரனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அம்மா நடத்திய சின்னக் கடையில் டீ, ரோஸ்மில்க், லெமன் ஜூஸ் மூன்றும் கிடைக்கும். அப்பா சவூதியில் இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, திருச்சியில் கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்தவர். போன இன்டர்வியூ எதிலும் வேலை கிடைக்காமல், எங்கள் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். சோறும் சரியாக இறங்கவில்லை.

ஒருநாள் அவரே லேப்டாப்போடு அடுப்படிக்கு வந்தார்.

"அக்கா, பால், ஐஸ், அடுப்பு மூணும் ஒனக்கு அளவாத்தான் இருக்கு. அதுக்குள்ள எதை எவ்வளவு போட்டா லாபம் கூடும்னு கணக்குப் போட்டுட்டேன். டீயே போடக் கூடாது."

டீ அடுப்பைப் பிடித்துக்கொண்டு லாபம் கொஞ்சமாகத்தான் தருகிறதாம். அந்தப் பாலும் ரோஸ்மில்க்குக்கே போக வேண்டுமாம். அம்மா திட்டுவாள், மாமா மறுபடி கதவைச் சாத்திக்கொள்வார் என்று அம்மா முகத்தையே பார்த்தேன்.

"சரிடா. நாளைக்கே செஞ்சிருவோம். நீயும் வந்து நில்லு" என்றாள் அம்மா.

மறுநாள் ஞாயிறு. காலை வெயிலில் சித்தன்னவாசல் போகிறவர்கள் ரோஸ்மில்க்கை விரும்பிக் குடித்தார்கள். மாமா சிரித்தார். மதியம் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள் தலையைத் துடைத்தபடி கடைக்கு ஓடி வந்தார்கள்.

"ஒரு டீ குடுங்க."

"டீ இல்லைங்க" என்றார் மாமா.

"மழைக்கு ரோஸ்மில்க்கா குடிக்கிறது?" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். இருந்த பாலெல்லாம் அதற்குள் ரோஸ் நிறத்தில் இருந்தது.

மாமா ஐஸ்பெட்டியைக் காரணமில்லாமல் திறந்து திறந்து மூடினார். "கணக்குல மழைய நான் சேக்கலக்கா" என்ற குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கடையைவிட்டுப் போய்விடுவாரோ என்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கென்னடா? ஓடிப்போய்ப் பால் வாங்கிட்டு வா. நீயே டீ போடு."

நனைந்துகொண்டே போய் வாங்கிவந்தார். முதல் டீயைக் குடித்த பெரியவர், "என்ன தம்பி, பாயசமா?" என்றார். மாமா வாய்விட்டுச் சிரித்துச் சர்க்கரையைக் குறைத்தார். பிறகு அடுப்பைவிட்டு நகரவேயில்லை.

கடை மூடும்போது மிஞ்சிய ரோஸ்மில்க்கைச் சாக்கடையில் கொட்டினோம். அவ்வளவு காசும் ஓடுவதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வீட்டில் மாமா, "இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போட்டுவிட்டுத் திரும்பிய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொட்டிய பாலுக்காக அழுகிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கு மினிபஸ்ஸில் ஏறாமல், அந்தக் காசை மிச்சம் பிடித்து நடந்தே போனேன்.