ஐமோவோட பத்தொம்போது வெரல்

பின்லாந்துல, குவோப்பியோ ஊர்ல பஸ் ஓட்டுற ஹில்க்கா மைனஸ் முப்பது டிகிரி குளிர்லயும் கையுறை போட மாட்டா. கேட்டா, "என் வாய் ஓடுற ஓட்டத்துல ஒடம்பு தானா சூடாயிரும்"பா. பொய்யில்ல. அவ பஸ்ஸுல ஏறினவங்க இறங்க வேண்டிய எடத்துல இறங்கினதா சரித்திரமே கெடையாது. கதை முடியட்டும்னு டெப்போ வரைக்கும் போயிட்டுத் திரும்பி நடந்து வருவாங்க. புருசன்காரன் பத்து வருசத்துக்கு முன்னாடியே கெளம்பிட்டான். செத்தெல்லாம் போகல, கொஞ்சம் அமைதி வேணும்னு வடக்க ஆள் நடமாட்டமே இல்லாத லாப்லாந்துக்குப் போயிட்டான்.

அவன் போன பெறகு வீட்டுக்கு வந்தவன்தான் ஐமோ. ஐமோ ஒரு உடும்பு. ஒரு மீட்டர் நீளம். மூஞ்சியப் பாத்தா வரி ஆபீசுல முப்பது வருசம் உக்காந்து தேஞ்ச ஆளு மாதிரி இருக்கும். ஹில்க்கா என்ன சொன்னாலும் கண்ணக் கூட சிமிட்டாம கேட்டுக்கும். அப்படி ஒரு ஆம்பளைய அவ வாழ்க்கையில பாத்ததே இல்ல.

ஒரே ஒரு தொல்ல, தோலு. பாம்பு சட்டை உரிச்சா காலுறைய கழட்டுற மாதிரி முழுசா கழட்டிப் போட்டுட்டு கௌரவமா போயிரும். உடும்புக்கு அந்த நாகரிகம் கெடையாது. இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டு, பழைய செவுத்துல பெயிண்டு உரியற மாதிரி வாரக்கணக்கா உரியும். அது உரியட்டும். வெரல் நுனியில மட்டும் உரியாம நின்னுச்சுன்னா வெனைதான். பழைய தோலு காஞ்சு, சின்ன மோதிரமா இறுக்கி, ரத்தத்த நிறுத்திப்புடும். போன வருசம் முன்னங்கால் சுண்டுவெரல் அப்படித்தான் கறுத்து, உலந்த திராட்சையாட்டம் விழுந்துச்சு. ஹில்க்கா அத தீப்பெட்டியில வெச்சு பூந்தொட்டியில பொதைச்சுட்டு மூணு நாள் பேசவே இல்ல. பஸ்ஸுல வந்தவங்கல்லாம் நாட்டுல யாரோ பெரிய தலை சாஞ்சிருச்சுன்னு நெனச்சு போன்ல செய்தி தேடினாங்க.

இருபதுல ஒண்ணு போயி மிச்சம் பத்தொம்போது. இந்தப் பிப்ரவரியில பின்னங்கால் நடுவெரல் வீங்க ஆரம்பிச்சுது.

மிருக டாக்டரம்மா கண்ணாடிய எறக்கிப் பாத்தாங்க. "ஈரம், எளஞ்சூடு, பொறுமை. காய வெச்சுப் பிச்சீங்கன்னா வெரலும் சேந்து வரும். திங்கக்கெழமைக்குள்ள வளையம் கழலலன்னா வெட்டத்தான் வேணும்."

அன்னைக்கு வெள்ளிக்கெழமை. வீட்டுல வெப்பக்குழாய் ஓடுற ஓட்டத்துல காத்து எலும்பாட்டம் காஞ்சு கெடக்குது. குளிக்கிற ரூம்ல ஆவி புடிச்சா மேல இருக்கற காத்தாடி ரெண்டே நிமிசத்துல உறிஞ்சிருது. வாளியில உக்கார வெச்சா ஐமோ வாலால ஒரு அடி, வாளி பக்கத்து ஜில்லாவுக்குப் போயிருச்சு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் புத்தி கடைசியில போயி நிக்கிற எடம் ஒண்ணுதானே? சவுனா. சூட்டுலயும் ஆவியிலயும் உக்காந்து வேர்க்கற ரூம்; கட்டடத்துக்கு அடியில எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கெழமை அஞ்சுலேர்ந்து ஆறு ஹில்க்காவோட மொறை. எம்பது டிகிரியில எரிய வேண்டிய கல்லடுப்ப முப்பத்தி மூணுல வெச்சா. பாவம்தான், ஆனா வெரல் முக்கியம். மேல் பலகையில துண்ட விரிச்சு ஐமோவப் படுக்க வெச்சு, சொவரெல்லாம் தண்ணி தெளிச்சா. அம்பது நிமிசத்துல தோலு ஊறிப் போச்சு. எண்ணெ பாட்டில் மாடியிலயே கெடக்குன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

"ஒரே நிமிசம்டா"ன்னு ஓடினா. படியில எதுத்த வீட்டுக்காரி "எப்படி இருக்க?"ன்னு கேட்டுட்டா. ஹில்க்காகிட்ட கேக்கக் கூடாத கேள்வி அது.

எறங்கி வந்தப்ப மணி ஆறு இருவது. வெளி ரூம்ல முட்டிக்கு ஒட்டுப் போட்ட உள்கால்சட்டை ஒண்ணு தொங்குது, மேல ஒரு மூக்குக்கண்ணாடி. பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு, குடியிருப்போர் சங்கத் தலைவர் ரெய்யோ. 'கதவை மெதுவாகச் சாத்தவும்'னு எழுதி ஒட்டி, அதுக்குப் பக்கத்துலயே 'இதைக் கிழிக்க வேண்டாம்'னு இன்னொண்ணும் எழுதி ஒட்டுற மனுசன். ஆறு மணிக்கு மேல ஆம்பளைங்க பொது நேரம். உள்ள ஆளு கண்ணாடி கூட இல்லாம பொறந்த மேனிக்கு உக்காந்திருக்காரு. ஹில்க்கா கதவுல காத வெச்சா. ரெய்யோ யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தாரு.

"ரெண்டாம் மாடிக்குப் புதுசா வந்தவரு நீங்கதானே?"

"ஸ்ஸ்ஸ்."

"சரி சரி, சவுனாவுல பேசக் கூடாதுதான். மன்னிச்சுக்குங்க." அகப்பை வாளியில முட்டுற சத்தம். "துண்டு விரிச்சுப் படுத்திருக்கீங்க, சந்தோசம். மூணாம் மாடிக்காரன் வெறும் பலகையில உக்காருவான், பன்னிப் பய."

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஹில்க்காவுக்கு சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அடுத்த வார்த்தையில அப்படியே ஒறஞ்சு போச்சு.

"ஏங்க, இது சவுனாவா, பிரிட்ஜா? ஆவியே வரலியே! இருங்க, நூறுல வெச்சிர்றேன்."

அந்த அடுப்பு சரியான கோவக்கார அடுப்பு. முழுசா திருகினா கொஞ்ச நேரத்துல கல்லே சிவந்துரும். அப்புறம் வெரலாவது, ஐமோவே மிஞ்ச மாட்டான். மொறையாவது மண்ணாவதுன்னு ஹில்க்கா கதவத் தள்ளினா. மரியாதைக்குக் கண்ணுக்கு நேரா எண்ணெ பாட்டிலப் புடிச்சுக்கிட்டா. பாட்டில் கட்டவெரல் அளவுதான்.

"ரெய்யோண்ணே, திருகாதீங்க!"

"ஏம்மா! ஆம்பளைங்க நேரம்மா!" ரெய்யோ வாளியத் தூக்கி மறைக்க வேண்டியத மறைச்சாரு.

"அண்ணே, ஒங்க பக்கத்துல படுத்திருக்கறது என் உடும்பு!"

ரெய்யோ திரும்பி, மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வெச்சுப் பாத்தாரு. ஐமோ நாக்க நீட்டி அவரு மூக்கு நுனிய ஒரு தொடு தொட்டுச்சு. சவுனாவுல கோயில்ல இருக்கற மாதிரி இருக்கணும்னு வளந்த மனுசன், கத்தல. "நான் அப்பவே நெனச்சேன்," அப்படின்னாரு. "காது சின்னதா இருக்கேன்னு."

ஹில்க்கா விசயத்தச் சொல்லிக்கிட்டே எண்ணெயத் தடவி வளையத்தத் தொட்டா. பன்னெண்டு டன் பஸ்ஸ பனியில திருப்புற கைக்கு, அரிசி அளவு தோலு புடிபடவே இல்ல. "என்னால முடியலண்ணே. பிச்சுருவேன்."

"தள்ளிக்க. கண்ணாடிய எடுத்துக் குடு." ரெய்யோ இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டாரு. "அம்பது வருசமா ஏரியில வலை போடுறவன் நான். முயிக்கு மீனு வெரல் நீளந்தான் இருக்கும். செவுள் கிழியாம வலையிலேர்ந்து எடுக்கணும்னா இழுக்கக் கூடாது. மொதல்ல பின்னாடி தள்ளணும், அப்புறம் உருட்டணும்."

ஐமோ பலகையப் புடிச்ச புடியில மரம் கிறீச்சுன்னுச்சு. உடும்புப் புடின்னா சும்மாவா! ரெய்யோ கட்டவெரலால பின்னாடி தள்ளினாரு, எண்ணெ விட்டாரு, மெதுவா உருட்டினாரு. நாலாவது உருட்டுல மோதிரம் கழண்டு அவரு நகத்துல ஒட்டிக்கிச்சு, வெங்காயத் தோலு மாதிரி.

வெரல் வெளுத்துக் கெடந்துச்சு. ரெண்டு பேரும் மூச்சு விடாம பாத்தாங்க. ஒரு நிமிசம். ரெண்டு. அடிப்பக்கம் லேசா ஒரு சிவப்பு படர ஆரம்பிச்சுது.

"ரத்தம் ஓடுது," அப்படின்னாரு ரெய்யோ. ஒடனே கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, "சரி, கெளம்பு. ஆம்பளைங்க நேரம்."

"வால் நுனி இன்னும் உரியலண்ணே. இன்னும் அர மணி நேரம் ஈரம் வேணும்."

"இவன் ஆம்பளையா?"

"ஆம்பளதான்."

"அப்ப அவரு இருக்கட்டும். நீ மட்டும் வெளிய போ."

ஹில்க்கா வெளிய வந்து கதவச் சாத்தினா. உள்ள ரெய்யோ முப்பத்தி மூணு டிகிரியில பல்லு கிடுகிடுக்க உக்காந்து, பக்கத்துல இருந்தவருக்கு அகப்பையால தண்ணிய மொண்டு மொண்டு வால்ல ஊத்திக்கிட்டிருந்தாரு.