அடுத்த வீட்டுக்குப் போன வயர்

காலை 5.50, கொழும்பு. கல்பிட்டிக்கு நேரே போகும் பேருந்தைத் தவறவிட்டதால் புத்தளம் பேருந்தில் ஏறினேன். பையில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு புதிய சுவிட்ச், ஒரு சுருள் கேபிள், குறடு, மாற்றுடை ஒன்று. நீர்கொழும்பு வரை தூறல். சிலாபம் தாண்டியபின் மழை இல்லை. ஆனால் வானம் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர் ஓடி, 10.15க்குப் பாலாவிச் சந்தியில் இறங்கினேன். உப்பளங்களில் ஆள் நடமாட்டம் இல்லை. குவித்திருந்த உப்பை ஓலையால் மூடி வைத்திருந்தார்கள். அங்கிருந்து கல்பிட்டிப் பாதையில் வேறு பேருந்து. நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. பிறகு காற்றாலைகள். வெங்காயத் தோட்டங்களில் தூவல் குழாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு கழுதைகள் வீதியின் நடுவில் நின்றதால் பேருந்தும் நின்றது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை. அவை விலகும்வரை வெற்றிலை மடித்தார்.

குறிஞ்சிப்பிட்டியில் இறங்கியதும் முச்சக்கரவண்டிக்காரர் என் பையைப் பார்த்தே கேட்டார்.

“கொம்பியூட்டர் செய்ய வந்த சேரா?”

“ஓம்.”

“இந்த உப்புக் காத்துல மனிசனே துருப்பிடிச்சி நிக்கிறான், மெசினு நிக்குமா? ஏறுங்க. இருநூறு ரூவா தாங்க.”

நான் போக வேண்டியிருந்தது பெண்களுக்கான பயிற்சி நிலையம். நீளமான ஓர் அறை, தகரக் கூரை, சுவரோரம் பத்துக் கணினிகள். அவற்றில் தகவல் சேமிக்கும் வட்டு கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் தம்மை இயக்கும் லினக்ஸை, மூலையில் இருக்கும் ஒரே சர்வரிலிருந்து கேபிள் வழியாக வாங்கிக்கொண்டுதான் எழும்பும். விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. நான் கொழும்பிலிருந்து இப்படிப்பட்ட நிலையங்கள் பலவற்றைப் பார்த்துவருகிறேன். இங்கே மூன்று வாரங்களாகக் கணினிகள் உள்நுழையும் திரைவரை வருவதில்லை என்று தகவல் வந்திருந்தது.

நிலையத்தை நடத்தும் றிஸானா டீச்சர் வாசலில் நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். தேநீரைக் கையில் தந்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“நாளைக்குக் காலைல, கொம்பியூட்டர் தந்த திட்டத்து மிஸ் வாறாங்க. பத்தும் எந்நேரமும் வேல செஞ்சா வைப்பாங்க. இல்லாட்டி ஏத்திட்டுப் போயிருவாங்க சேர். லொறியும் பேசி வச்சிரிக்காங்களாம். இந்தப் புள்ளயளுக்கு வேற வகுப்புக்குப் போறதுண்டா புத்தளம்தான். எந்த வாப்பா அவ்வளவு தூரம் உடுவாரு?”

பன்னிரண்டு பெண்கள் கதிரைகளில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் ஒரு மணி. எல்லாக் கணினிகளையும் போடச் சொன்னேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மூன்று உள்நுழையும் திரைக்கு வந்தன. ஏழு, கோப்பு கிடைக்கவில்லை என்ற வரியோடு நின்றன. அணைத்துப் போட்டதும் வேறு நான்கு வந்தன. முதலில் வந்த மூன்றும் நின்றுவிட்டன.

“காலைல நல்லா வரும் சேர்,” என்றாள் முன்வரிசைப் பெண். “லுஹர் தொழுகைக்குப் பொறகுதான் சேட்ட. வெயிலுக்கு மூள உருகுதோ தெரியா.”

“அது ஒனக்கு,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நான் முதலில் உப்பைத்தான் சந்தேகித்தேன். கேபிள் முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஆறு முனைகளை வெட்டிப் புதிதாகப் போட்டேன். பழைய சுவிட்சைக் கழற்றி, செருகியிருந்த கேபிள்களை வரிசை மாறாமல் புதியதற்கு மாற்றினேன். பிற்பகல் இரண்டரை ஆகியிருந்தது. மறுபடியும் நான்கு வந்தன, ஆறு நின்றன. டீச்சர் அலுமாரியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

நின்றுபோன திரையை மேலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். வட்டில்லாத கணினி எழும்பும்போது தன் பெயர்கூட அதற்குத் தெரியாது. கேபிளுக்குள், நான் யார், எங்கே போகவேண்டும் என்று கேட்கும். சர்வர் அதற்கு ஓர் இலக்க முகவரி கொடுத்து, வேண்டிய கோப்பு இருக்குமிடத்தையும் சொல்லும். எங்கள் சர்வர் கொடுக்கும் முகவரி பத்தில் தொடங்கும். இந்தத் திரையில் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது. சர்வருக்கு முன்னால் வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். முகவரி கொடுத்திருக்கிறார்கள், கோப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

சுவிட்சில் கணினிகளுக்குப் பத்து, சர்வருக்கு ஒன்று, இணைய இணைப்புக்கு ஒன்று. பதின்மூன்றாவதாக ஒரு சாம்பல் வயரும் இருந்தது. அதையும் நானே புதிய சுவிட்சில் செருகியிருந்தேன். அது சுவரோடு ஏறி, ஜன்னல் சட்டத்தில் போட்ட துளை வழியாக வெளியே போனது.

“டீச்சர், இது எங்கே போகுது?”

“அதுவா? அடுத்த வூட்டுக்கு. அசனார் மாமாட வூடு.” ஒளிப்பதற்கு அதில் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. “அவர்ர மக குவைத்துல வூட்டு வேல. ஒரு தரம் மொகம் பாத்துக் கதைச்சாலே டேட்டா காட் முடிஞ்சிருதாம். மூணு வாரத்துக்கு முன்ன, நெட் கொஞ்சம் தர ஏலுமா மகளேன்னு கேட்டாரு. எங்கட கெணத்துல வாளிய உட்டுத்தான் இந்தப் பக்கத்து ஏழெட்டு வூடும் தண்ணி அள்ளுது. தண்ணிக்கு இல்லன்னு செல்லாத நான் வயருக்கு எப்படி இல்லன்னு செல்ற?”

அசனார் மாமாவின் வீடு பத்தடி தள்ளி. ஆழ்கடல் படகில் போய்வந்தவர். இப்போது இடக்கையும் இடக்காலும் வராது. கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் பழைய ரவுட்டர். கேபிளை அதில் தவறான துளையில் செருகியிருந்தார்கள். அதனால் இணையத்தை வாங்கிக்கொள்வதோடு, எங்கள் கணினிகள் கேட்ட கேள்விக்கும் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மின்கட்டணத்துக்குப் பயந்து மாமா அதை நண்பகல் லுஹர் தொழுதபிறகுதான் போடுவாராம். மகள் அழைப்பு எடுப்பது பிற்பகல் அஸர் தொழுகை வேளையில்.

“கழட்டப் போறீங்களா?” என்றார்.

“இல்லை. ஒரு வேலையை மட்டும் செய்யாதே என்று சொல்லப் போகிறேன்.”

“அப்ப என்னப்போலத்தான். எனக்கும் எல்லாரும் அதத்தான் செல்றாங்க.”

முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டரில் நிறுத்தினேன். சில நிமிட வேலை. திரும்பி வந்து எல்லாவற்றையும் அணைத்துப் போட்டோம். பத்தும் உள்நுழையும் திரைக்கு வந்தன. மறுபடி செய்தோம். பத்தும் வந்தன. முன்வரிசைப் பெண், “மூள உருகல்ல,” என்றாள். டீச்சர் கதிரையில் அமர்ந்து முக்காட்டின் முனையால் முகத்தைத் துடைத்தார்.

அஸர் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் மாமா கூப்பிட்டனுப்பினார். கைபேசியில் ஒரு பெண் முகம். பின்னால் வெள்ளை ஓடு பதித்த குசினி. வீட்டுக்காரி உறங்குவதால் மகள் குசுகுசுவென்று பேசினாள்.

“வாப்பா, மாத்திர போட்டீங்களா?”

“போட்டன், போட்டன். இவரப் பாரு, கம்பி டொக்டர். கொழும்புல இருந்து ஒன்னட வயரப் பாக்க வந்தவர்.”

அவள் சிரித்து, ஸலாம் சொன்னாள். பிறகு கைபேசியை எதிரே சாய்த்து வைத்தாள். அவள் பாத்திரம் கழுவினாள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்தேன்.

இரவு, டீச்சர் நானா என்று கூப்பிடும் அண்ணன் வீட்டில் தங்கினேன். பாணும் மீன் குழம்பும். காற்று ஓயவில்லை.

மறுநாள் காலை 9.10. திட்டத்து அதிகாரி வான் வண்டியில் வந்தார். பின்னால் லொறி வெறுமையாக நின்றது. அமைதியான பெண்மணி. ஒவ்வொரு கணினியையும் தம் கையாலேயே போட்டுப் பார்த்தார். பத்தும் உள்நுழையும் திரையைக் காட்டின. நல்லது என்றார். பிறகு சுவிட்சைப் பார்த்தார். பார்வை சாம்பல் வயரோடு ஏறி ஜன்னலில் நின்றது.

“இது எங்கே போகிறது?”

அவர் என்னைத்தான் கேட்டார். பொய்யும் இல்லாத, முழு உண்மையும் இல்லாத ஒரு தொழில்நுட்ப வசனத்தை நான் மனதில் கோர்த்துக்கொண்டிருந்தேன். அது முடியுமுன் டீச்சர் சொல்லிவிட்டார்.

“அடுத்த வூட்டுக்கு மிஸ். நான்தான் குடுத்தேன்.” கிணற்றைப் பற்றியும் சொன்னார். குவைத்தைப் பற்றியும் சொன்னார்.

அதிகாரி முழுவதையும் கேட்டார். “எனக்கு விளங்குது டீச்சர். ஆனால் இணைப்பு நிலையத்தின் வளவுக்கு வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. கண்டபிறகு காணவில்லை என்று எழுத என்னால் முடியாது. இப்போதே கழற்றினால் இதோடு முடிந்தது. இல்லையென்றால் லொறி நிற்கிறது.”

கழற்ற நான் எழும்பினேன். டீச்சர் கையைக் காட்டித் தடுத்தார். பன்னிரண்டு பெண்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தாமே குனிந்து வயரை உருவினார். அது அவ்வளவு இலகுவாக வந்தது. ஜன்னல் துளை வழியாக வெளியே தள்ளினார். லொறி வெறுமையாகவே திரும்பியது.

அசனார் மாமாவிடம் நாங்கள் இருவரும் போனோம். டீச்சர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

“மாமா, லைன் நின்டு போச்சு. இனி வராது போல.”

மாமா என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. “கம்பி டொக்டர் பாத்தும் சரிவரல்லியா?”

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. “இல்ல மாமா,” என்றேன். “என்னால ஏலாமல் போயிட்டுது.”

“பரவால்ல மகன். பழைய சாமான்தானே,” என்று என்னைத் தேற்றினார்.

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னார்: “ஒங்கட தலைல போட்டுட்டேன் சேர். நான் அவருக்கு நாளைக்கும் மொகம் காட்டணும்.”

சந்திக் கடையில் மாமாவின் தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு டேட்டா காட் போட்டேன். “மொகம் பாத்துக் கதைக்கிறதுண்டா நாலஞ்சி நாளைக்கு மேல தாங்காது,” என்றார் கடைக்காரர். 12.20க்குப் பாலாவிப் பேருந்து வந்தது.

அஸர் வேளையில் சிலாபத்தைக் கடந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துவிட்டது. நேற்று இதே நேரத்தில் அந்தக் கட்டிலருகே நின்றேன். இன்று அந்த ரவுட்டரை மாமா போட்டிருப்பாரா என்று தெரியாது. போட்டிருந்தால் விளக்கு எரியும். அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

இரவு 8.40க்கு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தேன். கைபேசியைத் திறந்ததும் சுற்றியுள்ள வீடுகளின் வைஃபை பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. எல்லாவற்றின் அருகிலும் பூட்டு. அவற்றில் ஒன்று என்னுடையது. மிகக் கடினமான கடவுச்சொல் அதற்குத்தான். இந்த அடுக்குமாடியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் இணைப்பில் கோளாறு எதுவும் வந்ததில்லை. யாரும் எதையும் கேட்டதும் இல்லை.